குவாண்டம் மின்ரசாயனத்தின் தோற்றம்: கர்னி முதல் மாஸ்கோ வரை

1. பிரச்சினை

ஓர் உலோகத் தகட்டை அமிலக் கரைசலில் நிறுத்தி, அதன் மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், அதன் மேற்பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றிப் பெருகுவதைப் பள்ளி மாணவனும் கண்டிருப்பான். கண்ணுக்கு இவ்வளவு சாதாரணமான இக்காட்சிக்குள் ஒளிந்திருக்கும் புதிரோ சாதாரணமானதல்ல. உலோகத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெற்றிடத்துக்கு இழுத்துவிட 4 அல்லது 5 எலெக்ட்ரான்-வோல்ட் சக்தி தேவை. பழுக்கக் காய்ச்சிய இழையிலிருந்துதான் எலெக்ட்ரான்கள் தாமாக வெளியேறும். அப்படியிருக்க, அறை வெப்பநிலையில், சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் மிகை மின்னழுத்தத்தை மட்டும் துணையாகக் கொண்டு, அதே எலெக்ட்ரான் உலோகத்தின் எல்லையைத் தாண்டிக் கரைசலிலுள்ள அயனியை அடைந்துவிடுவது எவ்வாறு?

இக்கேள்விக்கு விடைதேடிய முயற்சிகளின் தொகுதியே இன்று குவாண்டம் மின்ரசாயனம் என்று வழங்குகிறது. அதன் பிறப்பை 1931-க்கும், ரொனால்ட் கர்னி என்ற ஆங்கிலேய பௌதிக விஞ்ஞானிக்கும் உரியதாக்குவது பொதுவழக்கு. கர்னி எலெக்ட்ரானின் சுரங்க ஊடுருவலை மின்வாய்க்குக் கொண்டுவந்தார், அத்துடன் துறை பிறந்துவிட்டது என்பதே அவ்வழக்கின் சாரம். இவ்வரலாறு பொய்யானதல்ல; ஆயினும் கர்னியின் கட்டுரையில் எது முக்கியம் என்பதைத் தவறாக எடைபோட்டு, அதனால் பின்வந்த அரை நூற்றாண்டின் விவாதங்களையும் கோணலாகக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எலெக்ட்ரான் தடையை ஊடுருவுகிறது என்பதல்ல, எப்போது ஊடுருவ முடியும் என்பதற்கு அவர் விதித்த நிபந்தனையே இத்துறையின் வித்து.

2. தாஃபெல் கண்ட நேர்கோடு

கதை குவாண்டம் சித்தாந்தத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1889-ல் வால்தர் நெர்ன்ஸ்ட் மின்வாயின் சமநிலை மின்னழுத்தத்துக்குச் சமன்பாடு தந்தார். சமநிலை குலைந்து மின்னோட்டம் பாயும்போது நிகழ்வதைப் பற்றி அச்சமன்பாடு மௌனம் சாதித்தது. அம்மௌனத்தைக் கலைத்தவர் பௌதிக ரசாயனத்தில் தொடங்கியவரல்லர். ஸ்ட்ரிக்னின் முதலிய கரிமப் பொருள்களை மின்பகுப்பின் மூலம் ஒடுக்கம் செய்ய முனைந்த ஜூலியஸ் தாஃபெல் என்ற கரிம ரசாயன நிபுணர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய அவர், எந்த உலோகத்தில் ஹைட்ரஜன் எளிதில் வெளிவராதோ அந்த உலோகமே தம் காரியத்துக்கு உகந்தது என்று கண்டு, வெளிவரும் வேகத்தையே அளக்கத் தொடங்கினார். 1905-ல் அவர் வெளியிட்ட விதி மிக எளியது: மிகை மின்னழுத்தம் மின்னோட்டத்தின் மடக்கைக்கு ஏற்ப நேர்கோடாக உயர்கிறது. பாதரசத்தில், அறை வெப்பநிலையில், மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்க ஏறத்தாழ 0.12 வோல்ட் கூடுதலாக வேண்டும்.

விதி நிலைத்தது; அதற்குத் தாஃபெல் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை. மேற்பரப்பில் உண்டான ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைவதே மந்தமான படி என்று அவர் கருதினார். அந்த அனுமானத்தைக் கணக்கிட்டால் கிடைக்கும் சாய்வு சுமார் 0.03 வோல்ட், அதாவது கண்டறிந்ததில் கால் பங்கு. அவதானிப்பில் கையிருப்பு நிறைந்தும் விளக்கத்தில் கையிருப்பு குறைந்தும் இருக்கும் இத்தகைய நிலைமை விஞ்ஞான வரலாற்றில் புதிதல்ல.

மந்தமான படி அணுக்களின் இணைப்பல்ல, அயனியின் மின்னிறக்கமே என்ற கருத்தை 1924-ல் ஜான் ஆல்ஃப்ரெட் வாலண்டைன் பட்லரும், 1930-ல் பெர்லினில் எர்டை-குரூஸ், மாக்ஸ் ஃபோல்மர் இருவரும் வளர்த்தனர். மின்னழுத்தத்தின் ஒரு பகுதி மட்டுமே வினையின் கிளர்வு சக்தியைக் குறைக்கப் பயன்படுகிறது என்றும், அப்பகுதி ஏறத்தாழ அரைப் பங்கு என்றும் கொண்டால் பாதரசத்தின் 0.12 வோல்ட் அப்படியே வந்துவிடுகிறது. மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரூம்கின் 1933-ல் இதனுடன் மின்னிரட்டைப் படலத்தின் விளைவையும் சேர்த்தார். பாடநூல்களில் பட்லர்-ஃபோல்மர் சமன்பாடு என்று இன்றும் முதலிடம் பெறுவது இதுவே. ஆயினும் அரைப் பங்கு ஏன் என்ற வினாவுக்கு அதில் பதில் இல்லை. சோதனைக்குப் பொருந்துமாறு சேர்த்த எண் அது.

3. 1931: கர்னியின் கட்டுரை

ரொனால்ட் வில்ஃப்ரிட் கர்னி 1898-ல் பிறந்தவர். 1928-ல் எட்வர்ட் காண்டனுடன் சேர்ந்து, அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதைச் சுரங்க ஊடுருவலால் விளக்கியவர். அதே ஆண்டில் ஜார்ஜ் காமவ் தனியாக அதே முடிவை அடைந்ததனாலும், பொதுமக்களுக்கு எழுதும் திறம் காமவிடமே மிகுந்திருந்ததனாலும், புகழின் பெரும்பகுதி இவர் கைக்கு வரவில்லை. பிற்காலத்தில் பிரிஸ்டலில் நெவில் மாட்டுடன் சேர்ந்து, புகைப்படத் தகட்டில் மறைபிம்பம் உண்டாவதற்கு 1938-ல் விளக்கம் தந்தார். 1953-ல் நியூயார்க்கில் காலமானார். பல துறைகளின் வாசலைத் திறந்துவிட்டு எதிலும் குடியிருக்காமல் நகர்ந்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அதுவே அவருடைய மின்ரசாயனக் கட்டுரை நெடுங்காலம் வாரிசின்றிக் கிடந்ததற்கும் ஒரு காரணமாகலாம்.

மின்பகுப்பின் குவாண்டம் இயக்கவியலைத் தலைப்பாகக் கொண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை ஏட்டில் 1931-ல் வெளிவந்த அக்கட்டுரை, உலோகத்துக்கும் அயனிக்கும் இடையே சில ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள சக்தித் தடை நிற்பதாகவும், எலெக்ட்ரான் அதன்மேல் ஏறிச் செல்லாமல் அதனூடே கடந்து செல்வதாகவும் கொள்கிறது. இதில் அசாத்தியப் புதுமை ஏதும் இல்லை. உலோகத்தின் மீது வலிய மின்புலம் செலுத்தி எலெக்ட்ரானைக் குளிர்ந்த நிலையிலேயே வெளிக்கொணர்வதை ஃபௌலரும் நோர்தைமும் 1928-லேயே இதே முறையில் விளக்கியிருந்தனர். கர்னியின் மேதைமை அடுத்த படியில் இருக்கிறது. தடையை ஊடுருவும் எலெக்ட்ரான் அங்கே சக்தியைச் செலவிடுவதுமில்லை, பெறுவதுமில்லை. ஆகவே உலோகத்தில் அது இருந்த சக்தி மட்டத்துக்குச் சமமான காலி மட்டம் ஒன்று அயனியில் இருந்தாலொழிய அது அங்கே போக முடியாது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் ஃபெர்மி மட்டம் வரையில்தான் நிறைந்திருக்கின்றன. அதற்கு மேல் மிகச் சிலவே. எனவே பிரச்சினை ஊடுருவுவதல்ல, மட்டங்கள் நேர்ப்படுவது.

நீரில் சூழப்பட்ட ஹைட்ரஜன் அயனியின் காலி மட்டம் எங்கே இருக்கிறது? வெற்றிடத்தில் புரோட்டான் ஓர் எலெக்ட்ரானைப் பெறும்போது 13.6 எலெக்ட்ரான்-வோல்ட் வெளிப்படும். கரைசலிலோ அந்தப் புரோட்டானை நீர் ஏறத்தாழ 11 எலெக்ட்ரான்-வோல்ட் சக்தியுடன் பிணைத்திருக்கிறது. நடுநிலை அடைந்ததும் அப்பிணைப்பு இழக்கப்படும். மிஞ்சுவது 2 அல்லது 2.5; அதற்கும்மேல், பிறந்த ஹைட்ரஜன் அணுவுக்கும் பக்கத்து நீர் மூலக்கூறுக்கும் இடையே எழும் விலக்கு சக்தியையும் கழிக்க வேண்டும். உலோகத்திலிருந்து எலெக்ட்ரானை இழுக்கத் தேவையான 4.5-க்கு இது எட்டாது என்பது வெளிப்படை. சராசரி அயனி ஒன்று எலெக்ட்ரானை ஏற்க இயலாத நிலையிலேயே இருக்கிறது.

ஆனால் அயனிகள் யாவும் சராசரி அயனிகளல்ல. அயனிக்கும் நீருக்கும் இடையேயுள்ள தூரம் வெப்ப அதிர்வினால் கணந்தோறும் மாறுகிறது. தூரம் மாறினால் மட்டமும் மாறுகிறது. அலையில் ஏறியிறங்கும் தோணி தன் படிக்கு நேராக உயரும் கணம் பார்த்துப் படித்துறையில் நிற்பவன் காலெடுத்து வைப்பதுபோல, அயனியின் மட்டம் ஃபெர்மி மட்டத்தோடு ஒத்துவரும் அபூர்வக் கணத்தில் எலெக்ட்ரான் கடந்துவிடுகிறது. அத்தகைய கணங்களின் எண்ணிக்கையை போல்ட்ஸ்மன் பங்கீடு நிர்ணயிக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஃபெர்மி மட்டம் உயர்கிறது. ஏற்கத் தகுதியான அயனிகளின் எண்ணிக்கை அடுக்கேற்றமாகப் பெருகுகிறது. தாஃபெலின் நேர்கோடு பிறக்கிறது.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்வாயில் வினையின் வேகம் வெப்பநிலையோடு வலுவாக மாறுகிறது என்பது அறியப்பட்ட உண்மை. சுரங்க ஊடுருவலே வேகத்தை நிர்ணயிப்பதாயின், ஃபௌலரும் நோர்தைமும் ஆராய்ந்த நிகழ்வைப் போல இங்கும் வெப்பநிலைக்கு ஏறக்குறைய வேலையே இருந்திராது. கர்னியின் கணக்கில் வெப்பநிலை நுழைவது பெரும்பாலும் அயனியின் அதிர்வு வழியாக, அதாவது கனமான அணுக்களின் வழியாக. குவாண்டம் விதி எலெக்ட்ரானுக்கு அனுமதி வழங்குகிறது. நேரம் குறிப்பது அணுக்களின் அசைவு. கர்னியைச் சுரங்க ஊடுருவலின் ஆசிரியராக மட்டும் போற்றுவோர், அவருடைய கட்டுரையின் பாதியைத்தான் படித்தவர்கள்.

4. இடைவெளி

கர்னியின் சித்திரத்தில் ஒரு பெரிய குறை இருந்தது: எண்கள் ஒத்துவரவில்லை. மேலே கண்ட கழித்தல் கணக்கே அதைக் காட்டும். தேவையான கிளர்வு சக்தி சோதனையில் கண்டதைவிட மிகுந்து வந்தது. மேலும் உலோகத்துக்கு உலோகம் வினையின் வேகம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதும் விளங்கவில்லை. சமநிலையில் இரு திசையிலும் நடக்கும் பரிமாற்ற மின்னோட்டம் பிளாட்டினத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரத்தில் ஓர் ஆம்பியர் அளவில் இருக்க, பாதரசத்தில் அது அதைவிட நூறு கோடி மடங்கு குறைவு. பிறந்த ஹைட்ரஜன் அணு உலோகத்தோடு பிணைந்துகொள்கிறது என்பதையும், அப்பிணைப்பின் சக்தி கணக்கில் சேர வேண்டும் என்பதையும் 1936-ல் சுட்டிக்காட்டிக் குறையை நிரப்பியவர், முன்பு நாம் சந்தித்த அதே பட்லர். அதற்கு முந்தைய ஆண்டே ஜூரோ ஹோரியுட்டியும் மைக்கேல் பொலானியும், புரோட்டான் நீரை விட்டு உலோகத்தை அடைவதை இரண்டு நிலைச்சக்தி வளைவுகளின் குறுக்கீடாக வரைந்திருந்தனர். அவர்களுடைய படத்தில் வேகத்தை ஆள்வது ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு நீள்வது. எலெக்ட்ரான் பின்புலத்துக்குப் போய்விட்டது.

பிறகு இருபது ஆண்டுகள் ஏறத்தாழ மௌனம். இதற்கு யுத்தத்தை மட்டும் காரணமாக்க முடியாது. மின்ரசாயன நிபுணர்களின் கருவிகளில் குவாண்டம் கணக்கைச் சோதிக்க வழியில்லை. பௌதிக நிபுணர்களுக்கோ நீரும் அழுக்கும் கலந்த மேற்பரப்பு அருவருப்பாக இருந்தது.

அம்மௌனத்துக்குச் சற்று முன் எழுந்த ஒரே கூர்மையான சான்று ஐசோடோப்புகளிலிருந்து வந்தது. சாதாரண ஹைட்ரஜனைவிட டியூட்டீரியம் மின்பகுப்பில் மெதுவாக வெளியேறுவதை 1932-ல் வாஷ்பர்னும் யூரியும் கண்டனர். எஞ்சிய நீரில் டியூட்டீரியம் செறிந்துகொண்டே போகிறது. அடுத்த ஆண்டே லூயிஸும் மக்டொனால்டும் ஏறக்குறையத் தூய கனநீரைப் பிரித்தெடுத்தனர். நார்வேயின் வெமார்க்கில் அது தொழிலாகவே நடந்தது. 1934-ல் பானும் ஆக்டனும், இலேசான புரோட்டான் தடையை ஊடுருவுவதும் கனத்த டியூட்டீரான் தயங்குவதுமே இதற்குக் காரணமாகலாம் என்று கணக்கிட்டனர். ஆயினும் இச்சான்று இருமுனை வாள் போன்றதே. இரு ஐசோடோப்புகளின் ஆரம்ப அதிர்வுச் சக்தி வேறுபாட்டினாலும் வேக வித்தியாசம் உண்டாகும் என்பதால், பிரிப்பளவின் பெருக்கம் ஒன்றை மட்டும் வைத்து ஊடுருவலை நிரூபித்துவிட முடியாது.

5. லிபியின் யோசனையும் மார்க்கஸின் திருத்தமும்

மறுமலர்ச்சி மின்வாயிலிருந்து வரவில்லை, கரைசலுக்குள்ளிருந்து வந்தது. யுத்தத்துக்குப் பிறகு கதிரியக்க ஐசோடோப்புகள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கவே, இரண்டு ஏற்றமுள்ள இரும்பு அயனிக்கும் மூன்று ஏற்றமுள்ள இரும்பு அயனிக்கும் இடையே எலெக்ட்ரான் கைமாறுவது போன்ற, வேறெந்த அடையாளமும் விடாத வினைகளின் வேகத்தை அளப்பது சாத்தியமாயிற்று. சிறிய அயனிகளிடையே இம்மாற்றம் மந்தமாகவும் பெரிய அயனிகளிடையே விரைவாகவும் நடப்பதை விளக்க, கார்பன் காலக்கணிப்புக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்ற வில்லார்ட் லிபி 1952-ல் ஃபிராங்க்-காண்டன் விதியைக் கையாண்டார். எலெக்ட்ரான் பாய்கையில் அணுக்கள் அசைய அவகாசமில்லை. பாய்ந்த பின் ஒவ்வோர் அயனியும் தனக்குப் பொருந்தாத நீர்ச்சூழலில் சிக்கித் தவிக்கிறது. அத்தவிப்பின் சக்தியே தடை என்றார்.

அக்கட்டுரையை 1955-ல் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் படித்த ருடால்ஃப் மார்க்கஸ் அதில் ஒரு பிழையைக் கண்டார். ஒளி விழும்போது அச்சக்தியை ஒளி கொடுக்கும். இருளில் நடக்கும் வினையில் அதைக் கொடுப்பவர் யார்? பாய்ச்சலுக்குப் பிறகு சூழல் திருத்தப்படுவதாகக் கொண்டால் சக்தி அழியாமை விதி மீறப்படுகிறது. ஆகவே திருத்தம் முன்னரே நிகழ வேண்டும், நீர் மூலக்கூறுகளின் இடையறாத ஊசலாட்டத்தில், எலெக்ட்ரான் இப்பக்கம் இருந்தாலும் அப்பக்கம் இருந்தாலும் மொத்தச் சக்தி ஒன்றாகவே இருக்கும் ஓர் அமைப்பு தற்செயலாக வாய்க்க வேண்டும், அப்போதே பாய்ச்சல். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கர்னி மின்வாய்க்கு விதித்த நிபந்தனையே இது, கரைசல் முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட வடிவில். வேறுபாடு எங்கே என்றால், கர்னி ஓர் அயனிக்கும் அதன் பக்கத்து நீர் மூலக்கூறுக்கும் உள்ள ஒரே ஒரு தூரத்தை எண்ணினார். மார்க்கஸ் கரைப்பான் முழுவதன் மின்முனைவாக்கத்தையும் எண்ணினார்.

1956-ல் வெளிவந்த அவருடைய சித்தாந்தத்தின் பலன், மறுஒழுங்கமைப்புச் சக்தி என்ற ஒரே ஓர் அளவைக் கொண்டு தடையின் உயரத்தைச் சொல்லிவிடும் இருபடிச் சமன்பாடு. அதை மின்வாய்க்கும் அவர் அடுத்த ஆண்டுகளில் விரிவாக்கினார். ஆஸ்திரேலியரான நோயெல் ஹஷ் பிரிஸ்டலிலிருந்து 1958-ல் வேறொரு வழியில் நெருங்கிய முடிவை அடைந்தார். பட்லரும் ஃபோல்மரும் கையால் வைத்த அரைப் பங்கு இப்போது சித்தாந்தத்திலிருந்தே தானாக விளைந்தது. அத்துடன் இரண்டு முன்கூற்றுகளும் வந்தன: தாஃபெலின் கோடு உண்மையில் முற்றும் நேர்கோடல்ல, மெல்ல வளைய வேண்டும், கரைசலில் வினையின் உந்துசக்தி ஓர் எல்லைக்கு மேல் போனால் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைய வேண்டும்.

ஒரு விசித்திரம் இங்கே உண்டு. குவாண்டம் மின்ரசாயனத்தின் மிக வெற்றிகரமான சூத்திரம் என்று கொண்டாடப்படும் இதில் பிளாங்கின் மாறிலி எங்குமே தலைகாட்டுவதில்லை. அணுக்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் பழைய புள்ளியியல் பௌதிகம்.

6. மாஸ்கோவின் பங்கு

அப்படியானால் குவாண்டம் என்ற அடைமொழிக்கு உரிமை யாருக்கு? 1958-ல் ஃப்ரூம்கின் மாஸ்கோவில் நிறுவிய மின்ரசாயன ஆய்வுக் கூடத்துக்கு என்பதே எனது துணிபு. லான்டாவின் மாணவரான வெனியமின் லெவிச்சும், ஜார்ஜியாவிலிருந்து வந்த இளைஞர் ரெவாஸ் டொகொனாட்ஸேயும் 1959-ல் வெளியிட்ட கட்டுரையில், படிகங்களில் எலெக்ட்ரானின் நிலையை விளக்க பௌதிக நிபுணர்கள் வளர்த்திருந்த போலரான் சித்தாந்தத்தை எடுத்து, கரைப்பானைக் குவாண்டம் அதிர்விகளின் திரளாகப் பாவித்து, எலெக்ட்ரான் மாற்றத்தை இரண்டு குவாண்டம் நிலைகளுக்கிடையே ஒளியின்றி நிகழும் மாற்றமாகக் கணக்கிட்டனர். உயர் வெப்பநிலை எல்லையில் மார்க்கஸின் இருபடிச் சமன்பாடு அதிலிருந்து வருகிறது. மார்க்கஸ் வெளியிலிருந்து வைத்த முன்காரணியோ இங்கே எலெக்ட்ரான் இணைப்பின் இருமடியாக உள்ளிருந்தே வருகிறது.

இதைவிட முக்கியம், எது குவாண்டம், எது பழைய இயக்கவியல் என்ற எல்லைக்கோட்டை அவர்கள் வகுத்தது. 25 பாகை செல்சியஸில் வெப்பச் சக்திக்கு ஈடான அதிர்வெண் வினாடிக்கு சுமார் 6 லட்சம் கோடி. நீர் மூலக்கூறுகள் திரும்பிப் புரளும் அசைவுகளில் மெதுவானவை இதற்குக் கீழே உள்ளன. அவற்றைப் பழைய முறையில் கையாளலாம். ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சி அதிர்வோ வினாடிக்கு சுமார் 100 லட்சம் கோடி. அதன் ஒரு குவாண்டம் வெப்பச் சக்தியைப் போலப் பதினாறு பதினேழு மடங்கு. அறை வெப்பநிலையில் அப்பிணைப்பு ஏறக்குறைய எப்போதும் தன் அடிநிலையில்தான் உறைந்திருக்கும். இவ்வாறாயின் ஹோரியுட்டியும் பொலானியும் வரைந்ததுபோல் புரோட்டான் வெப்பத்தால் நீண்டு நீண்டு தடையேறுகிறது என்ற சித்திரம் எவ்வாறு நிற்கும்? டொகொனாட்ஸே, குஸ்நெட்சொவ், லெவிச் மூவரும் 1960-களின் பிற்பகுதியில் மாற்றுச் சித்திரம் ஒன்றைத் தந்தனர். கரைப்பானின் ஊசலாட்டம் புரோட்டானின் இரு நிலைகளையும் சமமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அக்கணத்தில் புரோட்டானே ஊடுருவிச் செல்கிறது. கர்னி எலெக்ட்ரானுக்குச் சொன்னதைப் புரோட்டானுக்கும் சொல்லிவிட்டார்கள். கர்னியிலிருந்து மாஸ்கோவுக்கு நேரான வம்சாவளி ஒன்றை வரையலாம் என்றால், அது மட்டங்கள் நேர்ப்பட வேண்டும் என்ற இந்த நிபந்தனையின் வழியேதான்.

அக்கூடத்தின் பிற்கால வரலாறு துயரமானது. 1972-ல் இஸ்ரேலுக்குக் குடிபெயர விண்ணப்பித்த லெவிச், பதவிகளை இழந்து ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, 1978-ல்தான் நாட்டைவிட்டுப் போனார். 1987-ல் அமெரிக்காவில் மறைந்தார். டொகொனாட்ஸே 1985-லேயே காலமாகிவிட்டார். அவர்களுடைய முறைகளை மேற்கு நாட்டினர் பரவலாக அறிந்ததில், டென்மார்க்கின் யென்ஸ் உல்ஸ்ட்ரூப் 1979-ல் எழுதிய நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

7. பொக்ரிஸின் வழக்கு

அதே 1979-ல், குவாண்டம் மின்ரசாயனம் என்ற பெயரையே தலைப்பாகக் கொண்ட பெருநூல் வெளிவந்தது. ஆசிரியர்கள் ஜான் பொக்ரிஸும் ஷாஹெத் கானும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, லண்டன், பென்சில்வேனியா, ஆஸ்திரேலியா, டெக்ஸாஸ் என்று பல இடங்களில் கற்பித்த பொக்ரிஸ், கர்னியை மறதியிலிருந்து மீட்டவர். அந்த நன்றிக்கடன் துறைக்கு உண்டு. ஆனால் அவர் கர்னியை மீட்டது மார்க்கஸுக்கும் மாஸ்கோவுக்கும் எதிராக நிறுத்தத்தான். தொடர்ச்சியான ஊடகமாகக் கருதப்படும் கரைப்பான் ஓர் அயனிக்குக் கிளர்வு சக்தியை ஊட்டிவிட முடியாது. அதை ஊட்டுவது பிணைப்பின் அதிர்வே என்பது அவர் வாதம். தாஃபெலின் கோடு பாதரசத்தில் பல பத்தாம் படிகளுக்கு நேராகவே ஓடுகிறது, மார்க்கஸ் சொன்ன வளைவு எங்கே என்றும் கேட்டார். அவருடைய மாணவரான பிரையன் கான்வே, அரைப் பங்கு என்று கொள்ளப்பட்ட எண் பல வினைகளில் வெப்பநிலையோடு மாறுவதையும் சுட்டிக்காட்டி வந்தார். சமன்பாட்டுக்கு இது இன்றளவும் சௌகரியமான செய்தியல்ல.

இவ்வாதங்களில் இரண்டாவது நியாயமானது. ஆயினும் ஹைட்ரஜன் வினையில் பிணைப்பு முறிவதும் உலோகத்தோடு சேர்வதும் கலந்திருப்பதால், எலெக்ட்ரான் மட்டுமே கைமாறும் வினைக்கு வகுத்த சமன்பாட்டை அதைக்கொண்டு தண்டிப்பது முறையாகாது. முதல் வாதமோ, மட்டங்களின் ஊசலாட்டத்துக்கு ஆற்றலை யாரும் ஊட்ட வேண்டியதில்லை, சமநிலையிலேயே அது இயல்பாக உண்டு என்பதைக் கவனிக்கவில்லை. வேடிக்கை என்னவெனில், கர்னியின் அதிர்வைப் பிடித்துக்கொண்ட பொக்ரிஸ், அந்த அதிர்வைக் கர்னி எதற்காகக் கொண்டுவந்தாரோ அந்தத் தருக்கத்தை மார்க்கஸிடம் ஒப்புக்கொள்ள மறுத்தார். பிற்காலத்தில் குளிர் இணைவு விவகாரத்தில் அவர் எடுத்த நிலைப்பாடுகள் பெரும் சர்ச்சைக்குள்ளாயின. அவற்றைக் கொண்டு அவருடைய முந்தைய பணியை மதிப்பிடுவது அநியாயம். நாம் இங்கே மறுப்பது வாதத்தை மட்டுமே.

8. சோதனையின் தீர்ப்பு

வழக்கு தீர்ந்தது நூல்களில் அல்ல. 1984-ல் மில்லர், கல்கதெர்ரா, கிளாஸ் மூவரும், விறைப்பான ஸ்டீராய்டு எலும்புக்கூட்டின் இரு முனைகளிலும் எலெக்ட்ரான் கொடுப்பானையும் ஏற்பானையும் பொருத்தி, உந்துசக்தி கூடக்கூட ஓர் எல்லைக்கு அப்பால் வேகம் குறைவதை ஐயமற நிறுவினர். 1992-ல் மார்க்கஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மின்வாய்க்கான தீர்ப்பு 1991-ல் கிறிஸ்டோபர் சிட்ஸியின் சோதனையில் வந்தது. பொன்னின் மேற்பரப்பில் கரிமச் சங்கிலிகளைத் தாமாக அடுக்கச் செய்து, அவற்றின் நுனியில் ஃபெர்ரோசீன் அலகுகளைத் தொங்கவிட்டு, உலோகத்துக்கும் ஏற்பானுக்கும் இடையே தூரத்தை நிலைநிறுத்திவிட்டார் அவர். மிகை மின்னழுத்தத்தைக் கூட்டியபோது தாஃபெலின் கோடு வளைந்தது, பின்னர் மட்டமாகிவிட்டது. உலோகத்தில் ஃபெர்மி மட்டத்தின் அருகே எண்ணற்ற மட்டங்கள் தொடர்ந்து இருப்பதால், கரைசலில் போல வேகம் கீழிறங்காமல் நிலைத்துவிடும் என்று சித்தாந்தம் எதிர்பார்த்ததே இது. மறுஒழுங்கமைப்புச் சக்தி 0.85 எலெக்ட்ரான்-வோல்ட் என்று கிடைத்தது. வெப்பநிலை மாற்றமும் அதே எண்ணால் விளங்கிற்று.

உலோகத்தின் மட்டங்களையும் கரைசலின் மட்டங்களையும் எதிரெதிராக வைத்து ஹைன்ஸ் கெரிஷர் 1960-லேயே வரைந்த படம், கர்னியின் யோசனையின் நேர்ப் புத்திரன். அதையும் மார்க்கஸையும் ஆண்டர்சன்-நியூன்ஸ் கணித அமைப்புக்குள் 1986-ல் ஒன்றுசேர்த்தவர் வுல்ஃப்காங் ஷ்மிக்லர். எலெக்ட்ரான் இணைப்பு வலிதாக இருக்கும் வினைகளையும், அதன்வழி வினையூக்கத்தையும், கணக்கிட வழி பிறந்தது.

9. கணிப்பொறிக் காலம்

1964-65-ல் ஹோஹன்பர்க், கோன், ஷாம் ஆகியோர் வகுத்த அடர்த்திச் சார்பு முறை கணிப்பொறிகளோடு சேர்ந்து இத்துறையின் முகத்தையே மாற்றியது. 2004-ல் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினர், புரோட்டானும் எலெக்ட்ரானும் சேர்ந்த இணையை ஹைட்ரஜன் வாயுவின் பாதிக்குச் சமமாக வைக்கும் எளிய உபாயத்தால், கரைசலைத் தொடாமலே மின்வாய் வினைகளின் படிகளுக்குச் சக்தி கணக்கிட்டு, ஆக்ஸிஜன் ஒடுக்கத்துக்குப் பிளாட்டினத்திலும் ஏன் மிகை மின்னழுத்தம் தேவைப்படுகிறது என்று காட்டினர். எரிபொருள் மின்கலத்துக்கு வினையூக்கி தேடுவோர் இன்று இதையே முதற்கருவியாகக் கொள்கின்றனர்.

பயன் மறுக்கத்தக்கதல்ல. ஆனால் இம்முறை கணக்கிடுவது இடைநிலைப் பொருள்களின் சமநிலைச் சக்தியை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எலெக்ட்ரானும் புரோட்டானும் எப்படிக் கடக்கின்றன என்பதை அது கேட்பதேயில்லை. கணிப்பொறியின் பெட்டிக்குள் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை நிலையாக இருக்கிறது. மெய்யான மின்வாயில் நிலையாக இருப்பதோ மின்னழுத்தம். இவ்விரண்டையும் இசைவிக்கும் வேலை தொடர்ந்து நடைபெறுகிறது. குவாண்டம் கணக்கு இவ்வளவு வலிமை பெற்ற காலத்தில், கர்னி எழுப்பிய வேகப் பிரச்சினை அடிக்கடி கணக்குக்கு வெளியே நிறுத்தப்படுகிறது என்பது கசப்பான உண்மை.

முதன்மை யாருக்கு என்ற வினாவுக்கு என் தீர்ப்பு இது. கேள்வியை அதன் சரியான வடிவில் முதலில் கேட்டவர் கர்னி. அதற்கு அளக்கத்தக்க விடை கண்டவர் மார்க்கஸ். அதைக் குவாண்டம் துறையாக அமைத்தவர்கள் லெவிச்சும் டொகொனாட்ஸேயும். பெயரை நிலைநாட்டியவர் பொக்ரிஸ். பட்லர்-ஃபோல்மர் சமன்பாட்டோடு அத்தியாயத்தை முடித்துவிடும் நம் கல்லூரிப் பாடநூல்கள், அச்சமன்பாட்டின் அரைப் பங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் இரண்டு பக்கம் கூட்டி எழுத வேண்டும்.